உதவித்தொகை யாருக்கு: பட்டியலில் இருப்பவருக்கா, விழுந்தவருக்கா?

#1 கரைமேடு

வளரும் நாடுகளின் வறுமை ஒழிப்பு பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் பேச்சு இரண்டு கேள்விகளில் வந்து நின்றுவிடுகிறது. எவ்வளவு கொடுப்பது? பணத்துக்கு எங்கே போவது? இரண்டுமே கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. பயனாளிகளின் பெயரை யார் எழுதுகிறார்கள்? எழுதாமல் விட்டால் அந்த மனிதர் எந்தக் கதவைத் தட்டுவது?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2023-இல் உலக மக்களில் 52.4 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்பு உதவியாவது இருந்தது. மிகக் குறைந்த வருமானமுள்ள நாடுகளில் இது 9.7 விழுக்காடு. பத்துப் பேரில் ஒருவர்கூட முழுசாக இல்லை. முதியோர் ஓய்வூதியம், குழந்தை உதவித்தொகை, பேறுகால உதவி, வேலையிழப்புக் காப்பு எல்லாவற்றையும் கூட்டியும் இவ்வளவுதான்.

என் வாதம் இது. ஏழைகள் என்று நிலையாக ஒரு கூட்டம் கிடையாது. போன வருடம் சமாளித்த குடும்பம் ஒரு அறுவை சிகிச்சையில் விழுகிறது. இன்னொரு குடும்பம் ஒரு நல்ல விளைச்சலில் எழுகிறது, அடுத்த வறட்சியில் மறுபடி விழுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து, ‘இவர்கள்தாம் ஏழைகள்’ என்று பட்டியலை மூடிவிட்டால், அது மூடிய அன்றே பழசாகத் தொடங்குகிறது. அதனால் குழந்தைப் பருவம், பேறுகாலம், உடல் இயலாமை, முதுமை என்று எவருக்கும் வரக்கூடிய கட்டங்களை வைத்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறேன். 2012-இல் அதே அமைப்பு ஏற்றுக்கொண்ட 202-ஆம் பரிந்துரை, சமூகப் பாதுகாப்புத் தளம் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

மறுப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். எனக்கு அந்த மறுப்புகள் வேண்டும்.

#2 எண்கணக்கு

கரைமேடு, மனசுக்கு ஒத்துவரும் வாதம். வரவு செலவுக்கு ஒத்துவருமா?

நீங்கள் காட்டிய அறிக்கையிலேயே இன்னொரு எண் இருக்கிறது. அடிப்படை மருத்துவத்தையும் சேர்த்து எல்லோருக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்புத் தர வேண்டுமானால், குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் எல்லாம் சேர்ந்து தங்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இன்னும் 3.3 விழுக்காட்டை ஆண்டுதோறும் திரட்ட வேண்டும். கஷ்டம், ஆனால் எட்டாததல்ல. மிகக் குறைந்த வருமான நாடுகளை மட்டும் தனியே எடுத்தால் அது 52.3 விழுக்காடு. நாடு ஈட்டுவதில் பாதிக்கும் மேல்! இருப்பதை எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்குக் கிடைப்பது பசியை ஆற்றாது.

மெக்சிகோவைப் பாருங்கள். 1997-க்கு முன்பு அங்கே உணவு மானியம் இருந்தது. அதில் பெரும்பங்கு நகரங்களில் செலவானது, கிராமத்து ஏழைக்குப் போய்ச் சேரவில்லை. நிதித்துறைத் துணை அமைச்சராக இருந்த சான்டியாகோ லெவி முன்னின்று கொண்டுவந்த புரோகிரேசா, கிராமத்து ஏழைக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துத் தாயின் கையில் பணம் கொடுத்தது. மேல்வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பையன்களைவிடக் கூடுதல் தொகை. 506 ஊர்களில் சிலவற்றை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் சேர்த்து, இடைப்பட்ட காலத்தில் இரண்டையும் ஒப்பிட்டு விளைவை அளந்தார்கள். பள்ளிச் சேர்க்கை கூடியது தெரிந்தது. அந்த அளவீடு கையில் இருந்ததால்தான் 2000-இல் வேறு கட்சி ஆட்சிக்கு வந்தும் திட்டம் பிழைத்தது. பிரேசிலில் 2003-இல் தொடங்கிய போல்சா ஃபமிலியா என்ற குடும்ப உதவித்தொகைத் திட்டம், நாட்டு மக்களில் கால்வாசிப் பேர்வரை எட்டியபோதும் செலவு உற்பத்தியில் அரை விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. தேர்ந்தெடுக்காமல் இதெல்லாம் நடந்திருக்காது.

#3 வேலிக்கால்

தேர்ந்தெடுப்பது என்கிறீர்களே, அதைக் கையால் செய்தவள் நான். மூன்று சுற்றுக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஏழை நாட்டில் பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வருமானம் என்ன என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அதனால் வருமானத்துக்குப் பதிலாகக் கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுவோம். கூரை எதனால் ஆனது, தரை எது, கழிப்பறை உண்டா, சைக்கிள் உண்டா, எத்தனை பேர், எத்தனை அறை, குடும்பத் தலைவர் எதுவரை படித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டிப் பார்த்து ஒரு கோட்டுக்குக் கீழே வந்தால் உள்ளே, மேலே போனால் வெளியே.

ஒரு வீட்டுக்குப் போனேன். ஓட்டுக் கூரை, சிமென்ட் தரை. தம்பி வெளிநாட்டில் வேலை பார்த்தபோது கட்டிக் கொடுத்தது. தம்பி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. உள்ளே கணவனை இழந்த அக்காவும் இரண்டு பிள்ளைகளும். கூரைக்கு மதிப்பெண் இருந்தது. அடுப்பு கடைசியாக எப்போது எரிந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. அவர் பெயர் வரவில்லை. பிறகு வழியில் பார்த்து, “ஏம்மா, எனக்கு ஏன் வரலை?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதை எங்களுக்கும் சொல்வதில்லை. தெரிந்தால் மக்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்களாம்.

எண்கணக்கு ஐயா, நீங்கள் சொல்லும் அரை விழுக்காட்டுக்குள் இந்த அக்கா இல்லை.

#4 கரைமேடு

வேலிக்கால் சொல்வது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. இந்தோனேசியாவில் 640 ஊர்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2012-இல் வெளியிட்டார்கள். சில ஊர்களில் இதே மதிப்பெண் முறை. சில ஊர்களில் மக்களே கூடி உட்கார்ந்து, யார் அதிக ஏழை என்று வரிசைப்படுத்தினார்கள். மீதியில் இரண்டும் கலந்த முறை. செலவுக் கணக்கை வைத்து அளந்தால் மதிப்பெண் முறை சற்றே மேல். ஆனால் மக்கள் கூடி முடிவெடுத்த ஊர்களில் மனக்குறை குறைவு. ஊரார் ஏழை என்று சொன்னவர்களும் ஆய்வாளர் ஏழை என்று சொன்னவர்களும் ஒரே ஆட்களாகவும் இல்லை. விதவையையும், சம்பாதிக்கும் திறன் இல்லாதவரையும் ஊர் வேறு கண்ணால் பார்த்தது.

அதே நாட்டில் ஏழைகளுக்கென்று ஒதுக்கிய மானிய அரிசியைப் பல ஊர்த் தலைவர்கள் எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் விதிமீறல். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்து இவனுக்கு இல்லை என்று நாளைக்கு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் அவர்தானே. பட்டியலைத் தயாரித்தவர் தலைநகரில் இருக்கிறார்.

#5 மணல்வீடு

புதியவன், தயங்கித்தான் எழுதுகிறேன். என் வீட்டிலேயே கேட்கும் கேள்வி இது. சும்மா பணம் கொடுத்தால் குடித்துவிட மாட்டார்களா? வேலைக்குப் போவதை நிறுத்திவிட மாட்டார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் மறுத்துச் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை.

#6 தும்பை

மணல்வீடு தம்பி, தயங்க வேண்டாம். உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி, இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பண உதவி பெற்ற குடும்பங்களில் மதுவுக்கும் புகையிலைக்கும் செய்யும் செலவு கூடவில்லை. பல இடங்களில் குறைந்திருந்தது.

வேலை விஷயத்துக்கு ஈரானைச் சொல்வேன். 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, அதற்கு ஈடாக ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் வங்கிக் கணக்கில் போடத் தொடங்கினார்கள். ஏறக்குறைய நாடு முழுவதற்கும் போனது. அதனால் மக்கள் வேலையை விட்டார்கள் என்பதற்குப் பின்னர் ஆராய்ந்தவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

கென்யாவில் 653 ஊர்களை எடுத்து, சுமார் 10,500 வீடுகளுக்கு, வீட்டுக்கு 1,000 டாலர் அளவில் மொத்தமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் வாங்காத வீடுகளின் செலவும் உயர்ந்தது. கொடுத்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தைப் பெருக்கியது என்பது அவர்கள் கணிப்பு. விலைவாசி கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஏழையின் கைக்கு வரும் காசு அங்கேயே பக்கத்தில் யாரிடமாவதுதான் போகிறது, தம்பி.

#7 எண்கணக்கு

தும்பை அம்மா, ஈரானை எடுத்தீர்களே, முழுதாகச் சொல்லுங்கள். அந்த 4,55,000 ரியால் பல ஆண்டுகளுக்கு அப்படியே மாறாமல் இருந்தது. விலைவாசி நிற்கவில்லை. தொடங்கும்போது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய தொகையாக இருந்தது, சில ஆண்டுகளில் பெயருக்கு ஒரு தொகையாகச் சுருங்கியது. எல்லோருக்கும் கொடுக்கிறோம் என்று தொடங்கியதால் உயர்த்த முடியாமல் போனது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

#8 தும்பை

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஆனால் தொகை கரைந்தது எல்லோருக்கும் கொடுத்ததால் அல்ல, விலைவாசியோடு சேர்ந்து உயர வேண்டும் என்று சட்டத்தில் எழுதாததால். ஏழைக்கு மட்டும் கொடுக்கும் திட்டங்களும் இப்படியே கரைகின்றன. யாரும் அறிவித்து வெட்டுவதில்லை. சும்மா விட்டாலே போதும், பணவீக்கம் அந்த வேலையைச் செய்துவிடும்.

தென்னாப்பிரிக்காவின் குழந்தை உதவித்தொகையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. 1998-இல் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தொடங்கி, படிப்படியாகப் பதினெட்டு வயதுவரை நீட்டினார்கள். இப்போது ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெறுகிறார்கள். அதன் வருமான வரம்பு தனியாக ஒரு தொகை அல்ல. பராமரிப்பவரின் வருமானம் உதவித்தொகையைப் போலப் பத்து மடங்குக்குள் இருந்தால் தகுதி, தம்பதியானால் இருபது மடங்கு. தொகை உயரும்போது வரம்பும் கூடவே உயர்கிறது. கூரையைப் பார்க்க ஆள் வர வேண்டியதில்லை. ஏழைகளைத் துல்லியமாகப் பொறுக்குவதை விட்டுவிட்டு, வசதியானவர்களை மட்டும் ஒதுக்கினால் போதும் என்று அமைத்தது. உங்கள் கணக்குக்கும் கரைமேடு சொல்வதற்கும் நடுவில் இது ஒரு வழி இல்லையா?

#9 கார்முகில்

நிபந்தனை பற்றி யாரும் பேசவில்லையே. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்பது சரியா?

#10 எண்கணக்கு

நல்ல கேள்வி. நான் நிபந்தனைக்கு ஆதரவாக இருந்தவன், மலாவி ஆய்வைப் படித்த பிறகு மாறினேன். சோம்பா மாவட்டத்தில் பதின்வயதுப் பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கு வந்தால்தான் பணம். மறுபிரிவுக்குச் சும்மாவே பணம். பள்ளியில் நிலைப்பது நிபந்தனைப் பிரிவில் மேலாக இருந்தது. ஆனால் இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் நிபந்தனையற்ற பிரிவில்தான் கணிசமாகக் குறைந்தன.

காரணத்தை யோசித்தால் நெஞ்சை அழுத்துகிறது. நிபந்தனை வைத்த பிரிவில், பள்ளியை விட்ட பெண்ணுக்குப் பணமும் நின்றது. எந்த நாளில் அவளுக்கு உதவி மிகவும் தேவையோ அந்த நாளில் நின்றது. சும்மா கொடுத்த பிரிவில், பள்ளியை விட்டவளுக்கும் பணம் வந்தது, அவள் திருமணத்தைத் தள்ளிப்போட முடிந்தது.

மொராக்கோவில் நடந்ததும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘இது பிள்ளைகளின் படிப்புக்கான பணம்’ என்று பெயர் மட்டும் சூட்டி, வருகைப் பதிவைப் பார்க்காமலே கொடுத்தார்கள். நிபந்தனை வைத்துக் கொடுத்ததற்கு அது எந்த விதத்திலும் குறையவில்லை. வருகையைச் சரிபார்க்க ஆள், படிவம், கணினி என்று செலவிடுவது மிச்சம்.

#11 கரைமேடு

இதைத்தான் நான் முதல் பதிவில் சொல்லத் திணறினேன். விழுகிற நேரத்தில் கைவிடும் திட்டம், தாங்கும் திட்டம் அல்ல. மலாவிப் பெண்ணுக்கு நிபந்தனை செய்ததை, வேலிக்கால் சொன்ன அக்காவுக்குப் பட்டியல் செய்தது.

#12 செங்காந்தள்

வேலை கொடுக்கும் திட்டங்களை மறந்துவிட்டீர்கள். அதில் பட்டியல் சிக்கல் பெரிதும் தானாகவே தீர்கிறது. வெயிலில் மண் வெட்ட யார் வருகிறாரோ அவருக்குத் தேவை இருக்கிறது, அவ்வளவுதான். இந்தியாவில் 2005-இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம், குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலையைக் கேட்டுப் பெறும் உரிமையாக்கியது. கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றும் எழுதியது. கேட்டால் தர வேண்டும் என்ற அந்த ஒரு வரி, மற்ற திட்டங்களில் இல்லாத கதவு.

#13 வேலிக்கால்

செங்காந்தள், சட்டத்தில் இருந்தது சரி. ஆனால் அந்தப் படி நடைமுறையில் கைக்கு வந்தது அபூர்வம். கூலி வாரக்கணக்கில் தாமதமானதும் உண்டு. நாளைய சாப்பாட்டுக்காக மண் வெட்டியவருக்கு அடுத்த மாதக் கூலி எதற்கு?

மண் வெட்ட முடியாதவர்களையும் நினைக்க வேண்டும். கர்ப்பிணி, நோயாளி, வயதானவர். எத்தியோப்பியாவின் 2005 திட்டத்தில் இதை ஓரளவு யோசித்திருந்தார்கள். உடலுழைப்புக்கு ஆள் இருக்கும் வீட்டுக்கு வேலை, ஆள் இல்லாத வீட்டுக்கு நேரடி உதவி. ஆண்டுதோறும் பஞ்சம் வந்த பிறகு வெளிநாட்டு உதவிக்குக் கை நீட்டுவதை விட்டு, பசி மாதங்கள் வரும் என்று முன்பே தெரிந்து திட்டமிட்டதுதான் அதில் பெரிய மாற்றம்.

#14 மணல்வீடு

தொழில்நுட்பத்தால் இந்தப் பட்டியல் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்று படித்தேன். டோகோவில் செய்தார்களாமே?

#15 தும்பை

ஆமாம் தம்பி, 2020-இல் நோவிசி என்ற திட்டம். கொரோனா ஊரடங்கில் முறைசாராத் தொழிலாளர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், கையில் ஏழைகளின் பட்டியல் இல்லை. வாக்காளர் பதிவேட்டை எடுத்தார்கள், ஏனென்றால் அதில் தொழில் குறித்திருந்தது. கைப்பேசியில் ஒரு எண்ணை அழுத்தி யாரும் விண்ணப்பிக்கலாம், பணமும் கைப்பேசிக்கே வரும். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல். அவசர நேரத்துக்கு அது அருமையான வேலை. பிறகு கிராமங்களுக்கு விரித்தபோது செயற்கைக்கோள் படங்களையும் கைப்பேசிப் பயன்பாட்டுத் தரவுகளையும் வைத்து ஏழைகளைக் கணித்தார்கள். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கூரையைப் பார்த்து விலக்கினால் ‘என் வீட்டுக்குள் வந்து பார்’ என்று சண்டை போடலாம். கணிப்பொறி கணித்து விலக்கினால் யாரிடம் சண்டை போடுவது?

கைரேகையும் அப்படித்தான். போலிகளைப் பிடிக்கக் கொண்டுவந்தது, உழைத்து ரேகை தேய்ந்த கைகளையும் திருப்பி அனுப்பியது. போலி எத்தனை நீங்கியது என்று அறிக்கைகள் சொல்லும். உண்மையான ஆட்கள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எண்ணும் அறிக்கையை நான் அதிகம் பார்த்ததில்லை.

#16 எண்கணக்கு

இவ்வளவும் படித்த பிறகு என் நிலையைத் திருத்திச் சொல்கிறேன். முழுதாக மாறவில்லை.

எல்லோருக்கும் எல்லாமும் என்பது மிகக் குறைந்த வருமான நாட்டில் நாளையே நடக்காது. ஆனால் ஒரு கட்டத்தை எடுத்து எல்லோருக்கும் என்று தொடங்கலாம். லெசோத்தோ பணக்கார நாடு அல்ல. 2004-இல் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 150 மலோட்டி என்று தொடங்கியது. நேபாளம் 1995-இல் எழுபத்தைந்து வயதில் தொடங்கி, பிறகு வயதைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தது. வயதை உயரத்தில் வைத்தால் செலவு அடங்கும், வரி கூடக் கூட இறக்கலாம். வயது ஒன்றுதான் தகுதி என்பதால் ஊரில் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் ரகசியம் இல்லை.

அரசியல் வலுவிலும் கரைமேடு பக்கம் சாய்கிறேன். நான் புகழ்ந்த மெக்சிகோத் திட்டம், மூன்று பெயர்களில் இருபது ஆண்டுக்கு மேல் ஓடி 2019-இல் முடிக்கப்பட்டது. அத்தனை ஆய்வுகளும் அதைக் காப்பாற்றவில்லை. அதே அரசு முதியோருக்கான பொது ஓய்வூதியத்தைப் பெரிதாக்கியது. ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கியது ஏழையைப் போலவே குரலற்றுப் போகிறது என்று அமர்த்தியா சென் முதலானோர் எச்சரித்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

#17 கரைமேடு

நன்றி ஐயா. நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். பிரேசிலை முழுவதும் உங்கள் பக்கமே விட்டுவிட்டேன், அது தவறு. அங்கே தேர்வு உண்டு, ஆனால் கூரையை எண்ணுவதில்லை. குடும்பம் தானே சொல்லும் வருமானத்தைப் பதிகிறார்கள், பிறகு மற்றப் பதிவேடுகளோடு ஒப்பிடுகிறார்கள். பதிவு எப்போதும் திறந்திருக்கிறது. நகராட்சியில் சமூக உதவி மையம் இருக்கிறது. 2011-க்குப் பிறகு, விடுபட்டவர்களைத் தேடிப் போய்ப் பதியவும் ஆரம்பித்தார்கள். வருமானம் உயர்ந்துவிட்டது என்று தாமாகவே சொல்லி விலகிய குடும்பம் மறுபடி விழுந்தால் எளிதாகத் திரும்பி வரலாம் என்றும் விதி வைத்தார்கள். விழுவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய விதி!

அதில் ஓட்டையும் இருந்தது. தகுதி இருந்தால் கிடைத்தே தீரும் என்ற உரிமை அது அல்ல. நிதி ஒதுக்கீடு தீர்ந்தால் வரிசை. 2020 தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தகுதி இருந்தும் காத்திருந்தன.

#18 செங்காந்தள்

பணம் மட்டுமே போதாது என்பதையும் ஒரு வரி சேர்க்கிறேன். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் தொடங்கிய முறையில் ஆடு, மாடு போன்ற ஒரு பிழைப்பு வழி, சில காலத்துக்குச் செலவுப் பணம், பயிற்சி, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஆள், நாலும் சேர்ந்து வரும். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் பலன் நின்றது. ஆள் செலவு அதிகம், அதனால் அரசுகள் தயங்குகின்றன.

#19 வேலிக்கால்

கடைசியாக ஒன்று. எண்கணக்கு ஐயாவைப் போலக் கணக்குப் போடுபவர்கள் படிக்கும் இழை என்பதால் எழுதுகிறேன்.

மேல்முறையீடு உண்டு என்று எல்லாத் திட்டத்திலும் அச்சடித்திருக்கும். நான் வேலை செய்த இடத்தில் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டி, 30 நாள் கெடு கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒட்டியதே தெரியாது. தெரிந்தவர் பேருந்துக்குக் காசு தேற்றி வந்தால், வாங்கிக்கொள்ளும் எழுத்தர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். இலங்கையில் 2023-இல் அஸ்வெசும என்ற நலன்புரி உதவித் திட்டம் தொடங்கியபோது லட்சக்கணக்கில் மேல்முறையீடுகள் குவிந்தன. திட்டம் தோற்றதன் அடையாளம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அத்தனை பேர் வந்து கேட்க முடிந்ததே என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மேல்முறையீடுகூட வராத ஊர்கள்தான் எனக்குக் கவலை.

நடக்கும் வழியெல்லாம் நிறுத்தி ‘என் வீட்டையும் எழுதிக்கோம்மா’ என்றவர்களின் பெயரை என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்தேன். ஒதுக்கிய வீடுகளின் எண்ணிக்கைக்கு மேல் எழுதக் கூடாது என்பது உத்தரவு. மூன்றாவது சுற்று முடிந்தபோது நாற்பத்தோரு பெயர் சேர்ந்திருந்தது. படிவங்களை ஒப்படைத்த அன்று மேற்பார்வையாளரிடம் நோட்டை நீட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. புரட்டிப் பார்த்துவிட்டு, இதைப் பதிய எங்கேயும் இடம் இல்லையே அம்மா என்று திருப்பிக் கொடுத்தார்.

ஐயா, உங்கள் கணக்கில் அந்த இடத்துக்கு எவ்வளவு ஆகும்? ஊருக்கு ஓர் ஆள், ஒரு மேசை, ஆண்டு முழுதும் திறந்திருக்கும் ஒரு பதிவேடு.

#20 எண்கணக்கு

இரண்டு நாள் கொடுங்கள் அம்மா. போட்டுக் கொண்டுவருகிறேன்.